கதவிடுக்கில் ஒரு வயர்

மார்ச் 3

மறுபடியும் படம் உறைந்தது. காது கேளாத அம்மா ஒருவர், எங்கே வலிக்கிறது என்று வீடியோவில் சைகையால் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மருத்துவருக்கு வாயால் சொல்வது என் வேலை. கை பாதியில் நின்றுவிட்டது. வயிறா, நெஞ்சா? ஊகித்துச் சொல்ல மாட்டேன். அழைப்பு அறுந்தது.

இன்னொரு முறை இப்படி ஆனால் மருத்துவமனை அழைப்புகள் எனக்கு வராது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது மாமனார் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கூடம் கோணல்தான். நான் நன்றாகவே ஆடுகிறேன்.

மார்ச் 5

என் கணவர் புதுக் கேபிள் வாங்கி வந்தார். நல்ல தடிமன். இதைப் போட்டால் இன்டர்நெட் பறக்கும் என்றாராம் கடைக்காரர். பழைய வயர் போன வழியிலேயே போட்டோம். கூடத்தில் இருக்கும் மோடத்திலிருந்து மாமனார் அறைக் கதவிடுக்கில் நுழைந்து, அவர் கட்டிலடியில் போய், உள்ஜன்னல் வழியாக என் அறைக்கு. வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது.

வேகத்தைச் சோதித்தோம். நேற்று தொண்ணூற்று நான்கு, இன்றும் தொண்ணூற்று நான்கு. நாங்கள் எடுத்திருக்கும் இணைப்பே நூறுதான். குழாயை மாற்றினால் தொட்டியில் தண்ணீர் ஊறுமா? இவர் முகம் தொங்கிப்போனது. பாவம்.

மார்ச் 9

உறைந்தது. நல்லவேளை, இன்று வெறும் பயிற்சி அழைப்பு. அது ஏன் எப்போதும் பிற்பகலில்?

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன். சாப்பிட்டதும் மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். கதவு வயரைக் கடிக்கிறது. பழையதைக் கடித்தது, இப்போது புதியதும் நசுங்கிக் கிடக்கிறது.

கொஞ்சம் திறந்து வையுங்கள் மாமா என்றேன். தன் அறைக் கதவைத் தான் சாத்தக்கூடாதா என்று கேட்டார். நியாயம்தான். அப்படியானால் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் துளை போடுகிறேன், வயர் அதன் வழியாகப் போகட்டும் என்றேன்.

"இந்த வீட்டுச் சுவத்துல ஒரு ஆணிகூட அடிச்சதில்லம்மா. இதுக்குப் போய் ஓட்டையா? வேலைய விட்டா போச்சு."

விட்டா போச்சாமே. யாருக்குப் போச்சு? அந்தம்மா தன் வலிய யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க? மாட்டேன். விடவே மாட்டேன்.

அப்பாவை விட்டுப் பிடிக்கலாம் என்கிறார் இவர். விட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மார்ச் 12

துளைத்துவிட்டேன். டிரில்லிங் மெஷின் பக்கத்து வீட்டுக்காரருடையது, கை என்னுடையது. மாமனார் கண்ணெதிரில்தான் செய்தேன். ஒளிந்து செய்ய இது என்ன திருட்டா? அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். துளை நேராக விழுந்தது.

இந்த முறை சாதாரணக் கேபிள்தான். வேகம் அதே தொண்ணூற்று நான்கு. இருக்கட்டும்.

மார்ச் 13

மாமனார் பேசவில்லை.

மார்ச் 17

இன்னும் பேசவில்லை. நானும் போய்க் கெஞ்சவில்லை.

பிற்பகலில் அதே அம்மா வந்தார். மாமனார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆனால் அந்த அம்மாவின் கை நிற்கவில்லை. நெஞ்சில்லை, வயிறு. வலப்பக்கம், அடியில். ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொன்னேன். முடித்ததும் அழுதுவிட்டேன், யாருக்கும் தெரியாது.

மார்ச் 24

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் சுவரோரம் வந்து நின்று துளையையே பார்த்தார். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன்.

"ஏம்மா, மேட்ச் பாக்கறப்ப என் ரூம் டிவியும் நின்னு நின்னு வருது. இந்த ஓட்டையில இன்னொரு வயருக்கு இடம் இருக்கா?"

பார்க்கிறேன் மாமா என்றேன்.

பார்க்க என்ன இருக்கிறது? அன்றைக்கே இரண்டு வயர் போகிற அளவுக்குத்தான் துளைத்தேன்.