சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னவரைக் கண்டேன், அக்கா

என் செல்ல ரெஜினா அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் போனதைக் கடவுளின் சித்தம் என்கிறார்கள். காலி நகருக்குப் போகும் பெருவீதியைக் கடக்கும்போது வலப்பக்கமாய் வந்த பஸ்ஸை நீங்கள் காணவில்லை. வலக்கண்ணில் பார்வை இருந்திருந்தால் கண்டிருப்பீர்கள். இதற்குள் கடவுளை ஏன் இழுக்கிறார்கள்?

அந்தக் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசியபோது, கண்ணுக்குள் அழற்சி என்றார் டொக்டர். ஸ்டீராய்டு சொட்டு மருந்து தந்து, தான் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது என்றார். கண் தெளியத்தான் தொடங்கியது. பிறகுதான் கொட்டாஞ்சேனையில், பூசை முடிந்து வரும்போது, மீனெண்ணெய்க் குளிசை விற்கிறவர் உங்களைப் பிடித்தார். சொட்டு மருந்து நஞ்சு, இது இயற்கை என்றாராம். நீங்களும் மருந்தை நிறுத்திவிட்டீர்கள். அழற்சி முன்னிலும் மோசமாய்த் திரும்பிவந்து பார்வையைக் கொண்டுபோனது. ஆய்வுகூடத்தில் இதையே படிக்கிற தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உங்களோடும் எனக்குக் கோபம்தான்.

அந்தக் குளிசைக்காரர் மீனெண்ணெயைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நம் உடம்பு கொழுப்பிலிருந்து சில பொருள்களைத் தானே செய்துகொள்கிறது. புரொஸ்டகிளாண்டின் போன்றவை கண்ணில் அழற்சியை மூட்டிவிடும். ரிசோல்வின் என்பவை அதை அடக்கி முடித்துவைக்கும். மீனிலுள்ள கொழுப்பிலிருந்து உடம்பு ரிசோல்வினைச் செய்வதும் மெய்தான். ஆனால் ஆய்வுகூட எலியின் கண்ணில் ரிசோல்வின் அழற்சியைத் தணித்ததை வைத்து மனிதரின் மருந்தை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மூட்டிவிடும் பொருள்கள் உருவாவதைத்தான் உங்கள் சொட்டு மருந்து தடுத்துக்கொண்டிருந்தது, அக்கா.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அவர் கூட்டம் வைத்தார். போனேன். ரிசோல்வின் என்ற சொல்லைத் திரையில் பெரிதாய்ப் போட்டு விளக்கினார். எழுந்து நின்றேன்.

"என்ர அக்கா உங்கட சொல்லை நம்பி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நிப்பாட்டினவ. கண் போச்சு. இப்ப அவவும் இல்லை."

அவர் முகம் மாறவேயில்லை. "மிஸ், நான் ஆரையும் கட்டாயப்படுத்தேல்ல," என்றார். மண்டபக்காரர்கள் என்னை வெளியே போகச் சொன்னார்கள். மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வாசலில் ஒரு பெண் பின்னால் ஓடிவந்தார். ஒரு கண் சிவந்திருந்தது. தானும் அதே சொட்டு மருந்துதான் கண்ணில் விடுவதாகச் சொன்னார்.

"அப்ப அதை நிப்பாட்டக் கூடாதோ?"

"டொக்டரைக் கேக்காம நிப்பாட்டாதேங்கோ. என்ன சந்தேகமெண்டாலும் அவரிட்டயே கேளுங்கோ."

"ஓம்," என்றார். வாங்கிய குளிசைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனார். அதைப் பார்த்தபடி நடைபாதையில் நின்று அழுதேன். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லையே?

அவர் அடுத்து கல்கிசையில் பேசுகிறாராம். அங்கேயும் எழுந்து நிற்பேன். வெளியே தள்ளினால் வாசலில் நின்று சொல்வேன். அவர் வாயை மூடும்வரை நான் மூடமாட்டேன், அக்கா.

கோபம் ஆறாத உங்கள் தங்கச்சி,
டெல்சி