இரண்டு சொல்லும் சரிதானாம்

விருதுநகர்
14-9-1958

அன்பு மகன் முகம்மது நூகுவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். தங்கச்சி சுலைகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

திருத்திய லேபிள் ஒட்டின சரக்கு எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். இனி அது வராது மகனே. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டும் ஷெட் போன வாரம் வெடித்துவிட்டது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சோலைச்சாமி அங்கேதான் போர்மேன், அவனும் லேபிள் ஒட்டுகிற இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். அரைஞாணை வைத்துத்தான் அவனை அடையாளம் சொன்னார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பற்ற வைத்ததும் விலகி நிற்கவும் என்று பெட்டிமேல் இங்கிலீஷில் போட்டிருந்ததில் 'லைட்டட்' என்பது தப்பு, 'லிட்' என்றுதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் கடை முதலாளி சரக்கை எடுக்க மாட்டார் என்று எழுதினாய். சரக்கை வாங்கி அனுப்புகிறவன் நான்தானே, நானும் சிவகாசி அச்சாபீசில் வேறு லேபிள் அடிக்கக் கொடுத்தேன். அது வருகிறவரை லேபிள் ஒட்டாத பெட்டிகளை ஷெட்டுக்குள்ளேயே கூரை முட்ட அடுக்கிவிட்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை, வெயில் என்கிறார்கள். லோடு முன்னமே போயிருந்தால் அங்கே அவ்வளவு சரக்கு இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் கனகசபாபதியிடம் இரண்டு லேபிளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அகராதியைப் புரட்டிவிட்டு, இரண்டு சொல்லும் சரிதான், எதைப் போட்டாலும் குற்றமில்லை என்றார். துக்கம் கேட்கப் போன இடத்தில் சோலைச்சாமி பெண்சாதி சண்முகத்தாய், லேபிளை எதற்கு மாற்றச் சொன்னார்கள் என்று கேட்டாள். இங்கிலீஷ் தப்பு என்று நூகு எழுதியிருந்தான் என்றேன். கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "நூகு அண்ணன் படிச்சவுக. அவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றாள். வாத்தியார் சொன்னதை அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

உன்னைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை, நீ உன் வேலையைத்தான் பார்த்தாய். ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தில் நீ தெரிந்துகொள்வது மேல். லீவு வாங்கிக்கொண்டு ஒரு நடை வந்து போ. இரண்டு சொல்லும் சரிதான் என்பதைச் சண்முகத்தாயிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். அதுவரை வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, புறப்படும் தேதியை எழுது. அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் அத்தா
அசன் முகம்மது