டெஸ் அண்ணே, நீங்க இவ்ளோ மெதுவாவா வாசிச்சீங்க?

என் உசுரு டெஸ் அண்ணனுக்கு,

செம்பூர் ஹால்ல, ஸ்டேஜுக்குப் பின்னாடி நின்னு இத போன்ல தட்டுதேன். உங்க நினைவா ஒரு ஷோ. அடுத்த பாட்டு நம்மது. நீங்க போயிட்டீங்கன்னு நியூஸ் வந்த அன்னைக்குக்கூட இவ்ளோ பயமில்ல.

தாராவில எங்க மாடில ஒக்காந்து, போன்ல உங்க வீடியோவப் பாத்தேதான் உங்ககிட்ட கிட்டார் கத்துக்கிட்டேன். கீழ அண்ணன் பட்டறைல தையல் மிஷின் ஓடும். மேல நீங்களும் நானும். அம்மா கத்துவா: "ஏட்டி, சாப்பிட வாரியா, இல்ல அந்த வெள்ளக்காரனுக்கும் சேத்து சோறு வைக்கவா?"

உங்க பேண்டுப் பாட்டெல்லாம் நீங்க எழுதுனீங்க, பேரெல்லாம் பாடுதவன் வாங்கிட்டான். ரேடியோவுக்காகப் பாட்ட வேகமாக்கச் சொன்னதுக்கு, உச்சத்துல இருந்த பேண்ட விட்டே எறங்கிப் போனீங்க. தனியா ஒரே ஒரு ஆல்பம். அது ஓடல. இதச் சொல்லி கமெண்ட்ல எத்தன பேரோட சண்ட போட்டுருக்கேன்!

அந்த ஆல்பத்துப் பாட்டுதான் இன்னைக்கு. நேத்து ஸ்ரீநாத் வீட்டுல ரிகர்சல். செம்பூர்க்காரன், அவன்தான் பாடுதான். நாலு வரி தாண்டல, கையத் தூக்கிட்டான்.

"அரே ருக், நில்லு! எங்க ஓடறே? கல்யாண் ஃபாஸ்ட் ட்ரெயின் புடிக்கணுமா?"

"நீதாம்ல தூங்குத. ஒரிஜினலே இப்படித்தான்."

அவங்கப்பா சோர் பஜார் பழைய கடைல புடிச்ச உங்க ரெக்கார்ட ஸ்ரீநாத் எடுத்துப் போட்டான்.

அண்ணே, அது நீங்களா?

அந்த ஆல்பம் எந்த ஆப்லயும் கிடையாது. நான் பாத்ததெல்லாம் எவனோ திருட்டுத்தனமா ஏத்துன வீடியோ. காப்பிரைட்ல மாட்டக் கூடாதுன்னு வேகத்தக் கூட்டி, சுதியவும் ஏத்தி விட்டுருக்கான். அதுக்குத் தக்கன கம்பிய முறுக்கி, விரல் கிழியக் கிழிய ஓடிப் பழகிருக்கேன். எந்த வேகம் வேண்டாம்னு நீங்க எல்லாத்தையும் விட்டீங்களோ, அதையே.

ரெக்கார்டுல ஒரு எடத்துல ஒரு சுரத்த வாசிச்சுட்டு சும்மா நிக்கீங்க. அடுத்தது வரவே மாட்டேங்குது. என் வீடியோல அப்படி ஒரு எடமே இல்ல. அங்க நின்னு யார நெனச்சீங்க?

"நாளைக்கு மெதுவா வருமா? இல்லேன்னா நானே வாசிச்சுண்டு பாடிடறேன். கோச்சுக்காதே, தோஸ்த்," ன்னான் ஸ்ரீநாத்.

"வரும்"னுட்டேன். பயமே இல்லாத பெரிய பிந்தாஸ் மாதிரி.

எங்க வந்துச்சு? கம்பிய எறக்கிட்டேன், கை எறங்கல. அந்த எடம் வந்தாலே விரல் தாவிருது. காலைலருந்து அதே பாட்டு, அதே தப்பு. கெளம்புற நேரத்துல அம்மா வந்து கதவோரம் நின்னா.

"என்னட்டி, இன்னைக்கு உன் வெள்ளக்காரன் அழுவுதான்?"

அவ கேட்ட அந்த வாசிப்புதான் சரியா வந்துருந்துச்சு. ஒரே ஒரு தடவ.

இப்ப திரும்ப வருமா? ஸ்ரீநாத் கையாட்டுதான். என் பேரச் சொல்லிட்டாங்க.

அண்ணே, சனம் "மறந்துட்டா போல"ன்னு சிரிச்சாலும் சரி. நீங்க நின்ன அந்த எடத்துல, நீங்க நின்ன நேரம் பூரா, நானும் நிப்பேன்.

நீங்க பாக்காமலே போன தங்கச்சி,
தாராவி செல்வி