கூட்டிக்கொண்டு வந்தவர்

டேய்,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்காக நம் வாடகை அறையில், ஆறே பேரோடு நீ தொடங்கிய நண்பர் வட்டத்தில் இப்போது நானூறு பேர். நான்தான் தலைவர். மாலை முழுக்கக் கைகுலுக்குகிறேன். ஒரு பெயரும் மனதில் நிற்பதில்லை.

பழைய உறுப்பினர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தால்தான் புதியவரைச் சேர்க்கலாம் என்ற உன் விதி மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று எல்லா விவரங்களையும் கணினியில் ஏற்றிய பெண் கேட்டாள்: "சார், உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா இருக்கு. உங்கள யாரு கூட்டிட்டு வந்தாங்க?"

உன் பெயரைச் சொன்னேன்.

தேடிப் பார்த்தாள். "அப்படி யாருமே லிஸ்ட்ல இல்லையே சார்!"

தொடர்ந்து மூன்று மாதக் கூட்டங்களுக்கு வராதவர்களை நீக்கிய தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் நீ அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். அது எனக்குத் தெரியும்.

கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காதாம். ஆக, நானூறு பேரில் நான் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறேன்.

ஒரு நடை வந்து கூட்டிக்கொண்டு போயேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைக்காரன்