மல்லாட்டை வைத்த வரைபடம்

அக்கா,

காலையில் கைபேசிக்கு ஒரு படிவம் வந்தது. புயல் வந்தால் தங்க ஏற்ற இடம் எது என்று தெருவில் எல்லோரையும் கேட்டு, வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கான பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அடுப்பில் வேர்க்கடலை, உங்கள் பேச்சில் மல்லாட்டை, வெந்துகொண்டிருந்தது. நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. அந்த வாசனையில் வந்துவிட்டீர்கள்.

மரக்காணம் பக்கத்துக் கடலோரப் பள்ளியில் நான் டீச்சர், நீங்கள் சத்துணவு சமைத்தீர்கள். அன்றும் இதே கேள்விதான் வந்தது. நாம் எழுதி அனுப்பும் கட்டடத்துக்குத்தான் அரிசியும் விளக்கும் வரும்; புயலன்று ஊரை அங்கேதான் அனுப்புவார்கள். உங்கள் மகள் அப்போது மாசமாக இருந்தாள்.

பள்ளி வாசலில் சுண்ணாம்பால் ஊரை வரைந்தேன். வீட்டுக்கு ஒரு மல்லாட்டை கொடுத்து, புயலன்று போகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். எல்லாம் நம் பள்ளிக்கூடத்தின் மேலேயே குவிந்தன. எனக்கு ஒரே பெருமை. நீங்கள் கரண்டியும் கையுமாக வந்து பார்த்தீர்கள்.

“டீச்சர் கேட்டா ஸ்கூல்னுதான் வெப்பாங்க. உங்க மனசு நோவக் கூடாதுன்னு வெச்சிக்கினு இருக்காங்க.”

சுருக்கென்றது. வகுப்பிலும் அப்படித்தானே? ஏழெட்டு ஐம்பத்தைந்துதானே என்று நான் வேண்டுமென்றே தப்பாகக் கேட்டால், பாதிப் பிள்ளைகள் ஆமாம் டீச்சர் என்பார்கள்.

மல்லாட்டைகளை அள்ளி அவரவரிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டீர்கள்:

“ஏன்டி, போன பொயல்ல எங்க போய்க் குந்திக்கினு இருந்த?”

“உப்புக் கிடங்குலக்கா. ஸ்கூலுக்கு எப்பிடிப் போறது? தரைப்பாலம்தான் மொதல்ல முழுவிப் போச்சே.”

நான் பஸ்ஸில் வேறு பக்கமாக வருகிறவள். அந்தப் பாலத்தில் கால் வைத்ததே இல்லை. மல்லாட்டைகள் ஒவ்வொன்றாக, உப்பு நனையக் கூடாதென்று மேட்டில் கட்டிய அந்தக் கிடங்குக்கு நகர்ந்தன. அதையே எழுதி அனுப்பினேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. மத்தியானத்துக்குள் பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கிடங்கில் இருந்தது, உங்கள் மகள் நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்தாள், நீங்கள் கஞ்சி ஊற்றினீர்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் அவளுக்கு வலி எடுத்தது.

இன்று பக்கத்து வீட்டில் படிவத்தைக் காட்டினேன். “நீங்களே ஒண்ணு போட்டுடுங்க டீச்சர், எதுன்னாலும் சரி” என்றார்கள். கைபேசியை மூடி வைத்தேன். போன மழையில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. ஒரு டீச்சருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும், அக்கா.