கீழே ஒரு சொட்டு இல்லை

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ஆபீஸில் சேர்க்கை ரசீது எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. அதற்கு நடுவே எத்திராஜ் போன். என் வீட்டுக்காரர் மேத்யூ மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து எங்கள் டிரெய்லரை அவன்தான் ஓட்டுகிறான். துறைமுகத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு நடை.

"அண்ணி, ஸ்டேரிங் எண்ணெய் மறுபடியும் கொறஞ்சிகீது. பம்புல லீக்கு. மாத்திடலாம்."

போன வாரம்தானே ஒரு டப்பா ஊற்றினான்? அதற்கு முந்தின வாரமும். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வண்டியைப் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்.

11 ஜூன்

மேத்யூவிடம் சொன்னேன். "கீழ எண்ணெய் சொட்டுதா? சொட்டலன்னா அது இன்னா லீக்கு? டப்பாவ எங்க தள்றான்னு பாரு. ஆகஸ்ட்ல நான் வர்ற வரைக்கும் ஊத்தி ஓட்டட்டும்."

தள்றான் — விற்கிறான் என்றா சொல்கிறார்? மூன்று வருஷமாக ஓட்டுகிறவன். அந்தச் சொல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

13 ஜூன், வியாழன்

நேற்று மாலை அவன் வண்டியை நிறுத்திவிட்டுப் போனபிறகு திருவொற்றியூர் ஸ்டாண்டுக்குப் போய், இஞ்சினுக்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்தேன். இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். காக்கை எச்சம் மட்டும். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. படம் எடுத்து மேத்யூவுக்கு அனுப்பினேன். பெரிதாகத் துப்பறிந்ததுபோல ஒரு பெருமை, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

14 ஜூன்

கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கவில்லை. "வாங்குற டப்பா எல்லாம் வண்டிக்குத்தான் போகுதா, எத்திராஜ்?"

"ரிவர்ஸ் எடுக்கச்சொல்லோ ரெண்டு கையும் கயண்டு போவுது அண்ணி. ஒரு தபா ஏறி ஒக்காந்து திருப்பிப் பாருங்க." அவ்வளவுதான். போய்விட்டான்.

நான் ஏறிப் பார்த்திருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

15 ஜூன்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கோணிப்பை. உள்ளே ஏழு காலி டப்பா. ஆள் இல்லை.

காலி டப்பா எதைக் காட்டும்? எண்ணெயை எங்கே ஊற்றினான் என்று டப்பா சொல்லுமா? — இப்படியெல்லாம் எனக்கு யோசிக்கத் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

16 ஜூன், ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை.

19 ஜூன், புதன்

ஆபீஸில் இருந்தபோது யார்டிலிருந்து போன். உள்ளே திரும்பும்போது வண்டி கேட் தூணில் இடித்துவிட்டது. தூண் சாய்ந்திருக்கிறது. நல்லவேளை, நடக்கிற பாதையில் அந்த நேரம் யாரும் இல்லை. ஸ்டேரிங் சக்கரம் உதறித் திரும்பியதில் எத்திராஜின் வலது கட்டைவிரல் எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள்.

டிரைவர் தூங்கிவிட்டானாம். அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். இனி அவனை உள்ளே விடமாட்டார்கள்.

தூங்கினானா? காலை பதினோரு மணிக்கா?

21 ஜூன்

வண்டியைக் கட்டி இழுத்துத் தவசிமுத்து ஷெட்டில் விட்டிருக்கிறது. எங்கள் வண்டிக்கு எப்போதும் அவர்தான் மெக்கானிக். ஸ்டேரிங் எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். கீழே ஒழுகவே இல்லையே, அட்டை போட்டுப் பார்த்தேனே என்றேன். அவர் இஞ்சின் ஆயில் அளவுக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினார். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய்.

"ஓட ஓட இஞ்சின் ஆயில் குறையணும். இது ஏறியிருக்கு. எப்படி?"

எனக்கு விளங்கவில்லை. பம்ப் இஞ்சினோடு ஒட்டி மாட்டியிருக்கிறதாம், இஞ்சின் பல்சக்கரம்தான் அதைச் சுற்றுகிறதாம். நடுவில் இருக்கிற ரப்பர் சீல் போய்விட்டால் எண்ணெய் வெளியே வராது. இஞ்சினுக்குள்ளே இறங்கிவிடும்.

"ரோட்டுல எப்படிம்மா சொட்டும்? எல்லாம் உள்ளல்ல போயிருக்கு."

ஏழு டப்பாவும். அவன் ஊத்தினது அத்தனையும் உள்ளே. நான் அவனைத் திருடன்னு — வாயால சொல்லல, சொல்லலன்னா? கேட்டதுக்கு வேற என்ன அர்த்தம்? ஐயோ, எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்.

22 ஜூன், சனி

போனேன். எர்ணாவூர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவன் மனைவி மங்கை. உட்காரச் சொன்னாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

"திருட்டுப் பட்டம் கட்டினீங்களாமே. அன்னிக்கி சோறு துன்னல இவரு. கோணிய எடுத்துகினு ஒங்க வூட்டாண்ட போனாரு. எனக்கு இன்னா பேஜாரா இருந்திருக்கும், சொல்லுங்க."

அவள் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு தவசிமுத்து காட்டியதைச் சொன்னேன். எத்திராஜ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

தூங்கினேன் என்று ஏன் எழுதிக் கொடுத்தாய்?

"பம்பு போச்சின்னு சொன்னா யாரு நம்புவா? நீங்களே நம்பல."

24 ஜூன்

யார்டுக்குப் போய் டிரைவர் தூங்கவில்லை என்றேன். வண்டியில் பழுது, அவர் பல தடவை சொன்னார், நான்தான் சரிசெய்யவில்லை. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு. நீங்க ஏன் மேடம் வந்து மாத்துறீங்க? இப்படி எழுதினா வண்டியையும் ஒரு மாசம் உள்ள விட முடியாது."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். எத்திராஜ் மேல் போட்ட தடையை நீக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாலை மேத்யூ: "ஒன்ன யாரு போயி சொல்லச் சொன்னது?" யாரும் சொல்லவில்லை என்றேன். "பம்பெல்லாம் வேணாம், சீல் மட்டும் மாத்தச் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நானாக வைத்தது இதுதான் முதல் தடவை.

27 ஜூன்

சீல் மட்டும் போதுமா என்று தவசிமுத்துவைக் கேட்டேன். கழற்றிய பம்பின் தண்டைக் கொடுத்து நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் பள்ளம். புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் அதைத் தின்றுவிடும். புதுப் பம்பே போடச் சொல்லிவிட்டேன். கெட்டுப்போன இஞ்சின் ஆயிலையும் மாற்றியாயிற்று.

கடைசியில் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, காற்றுப் போக வேண்டும், ஸ்டேரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும் என்றார். யார் திருப்புவது? "நீங்கதான், ஏறுங்க." புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். முதலில் முனகலோடு அசைய மறுத்தது. திருப்பத் திருப்ப, டேங்கில் குமிழி நின்றது. அப்புறம் ஒரு விரலால் தள்ளினேன். போனது.

ஒரு விரல். அவன் இத்தனை நாள் என்ன பாடு பட்டிருப்பான்.

29 ஜூன், சனி

சர்ச்சில் இராயப்பர் திருநாள். கோயில் வாசலில் கூட்டம். அங்கிருந்தே எத்திராஜுக்குப் போன் செய்தேன். வண்டி தயார், கை ஆறியதும் வந்துவிடு, அதுவரை சம்பளம் வீட்டுக்கு வரும் என்றேன்.

"சம்பளம் வாங்கிக்கிறேன் அண்ணி. வண்டிக்கு வரல. வேற எடத்துல பேசிட்டேன்."

கோபமா?

"கோவம்லாம் இல்ல. இன்னொரு தபா ஒங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னா நாக்கு எழாது."

வேட்டுச் சத்தத்தில் சரியாகக் கேட்காததுபோல் நின்றேன். ஆனால் தெளிவாகத்தான் கேட்டது.

2 ஆகஸ்ட்

புது டிரைவர் ரஞ்சித். யார்டில் வண்டியை மறுபடி விட்டார்கள். எனக்குத் தூக்கம் இன்னும் சரியில்லை.

21 ஆகஸ்ட், புதன்

மேத்யூ ஊருக்கு வந்து நான்கு நாளாகிறது. காலையில் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது ரஞ்சித் போன். மேத்யூ எடுத்தார். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம். "ரெண்டு நடை அடிச்சிட்டு வா, சாயங்காலம் பாக்கலாம்" என்றார்.

கையைக் கழுவாமலே போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். "ரஞ்சித், எங்க இருக்கே? ஓரம் கட்டு. எடுக்காத. தவசிமுத்துவக் கூட்டிக்கிட்டு நான் வரேன்."

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். போனைத் துடைத்து மேசைமேல் வைத்தேன், செருப்பை மாட்டினேன். அவர் கொடியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"இரு, நானும் வரேன்."