உன் வெள்ளமும் என் வெள்ளமும்

மக்கா,

உன் நோட்டைத் திறந்தால் இன்னும் ரப்பர் ஷீட் புகை மணக்கிறது. குலசேகரத்தில் உங்கள் வீட்டுப் புகைப்புரைக்கு அடுத்த அறையில்தானே புத்தகம் அடுக்குவாய். உன் அம்மா கொடுத்தனுப்பினார்கள். மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. சுழல் நாற்காலிக்கே தலை சுற்றியிருக்கும்.

நாம் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். கடலோரத்து வட்டக்கோட்டைக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டிருப்பான். போ, எடு, குடி என்று ஆடுபவர் தட்டினால் செய்வான். கோட்டைக் கிணறு உன் பாகம். கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் கடல் என் பாகம்.

"கடலை நான் பாத்துக்கிடுதேன். உனக்குக் கிணறு போதும்லே."

"என்னைக் கிணத்துத் தவளைன்னு சொல்லுகியா?"

"நீயா சொல்லிக்கிட்டா நான் என்ன செய்ய?"

இரண்டு பாகத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் நாளில் இந்த நோட்டை நீட்டினாய். நிரலில் நீ வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன.

"ரெண்டு பாகத்திலயும் ஒரே பேரு வந்திரப்பிடாது. பாத்தியா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

பார்க்கவில்லை. கேன்டீனில் பழம்பொரி தீர்ந்துவிடும் என்ற அவசரம்.

பள்ளிக் கண்காட்சியில் நடுவராக வந்த டீச்சர் கிணற்றில் நீர் எடுத்துக் குடித்தார். 'கடல் உள்ளே வந்துவிட்டது, நீ இறந்தாய்' என்றது திரை. மறுபடி குடித்தார். மறுபடி செத்தார்.

"கிணறு எழுதினது யாருடே?" என்றார் கம்ப்யூட்டர் சார்.

நான் யோசிக்கவேயில்லை. "இவன்தான் சார். இவனுக்க ஊரு வெள்ளம் அப்பிடி!"

லேபே சிரித்தது. நீயும் சிரித்தாய். "ஆமா சார், எனக்க தப்புதான்" என்றாய். அடுத்த வாரம் காய்ச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனாய். காய்ச்சல் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை.

நோட்டை இப்போதுதான் படித்தேன். நாலாவது வரி: 'வெள்ளம் – குடிக்கதுக்கு.' உங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். எங்கள் பக்கம் ஊர் மூழ்கினால்தான் வெள்ளம். கடல் பொங்குவதற்கு நானும் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன். உன் கிணற்றில் குடம் நிறைந்தால் வெள்ளத்தின் எண் பூஜ்யத்திலிருந்து ஒன்று ஆகும். வெள்ளம் ஒன்று ஆனால் என் கடல் உள்ளே வரும். தனித்தனியே இரண்டும் சரி. பார்க்காமல் சேர்த்தவன் நான்.

ஆண்டு விழாவில் அந்த விளையாட்டை மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறார் சார். உன் கிணற்றை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது எளிது என்றார். அழிக்கவில்லை. என் வெள்ளத்துக்குக் 'கடல்' என்று பெயர் மாற்றினேன். உன் வெள்ளம் வெள்ளமாகவே இருக்கிறது. ஒன்பது தடவை குடித்துப் பார்த்தேன். சாகவில்லை.

உடனே சாரிடம் ஓடினேன். "சார், அன்னைக்கி அவன் மேல தப்பில்ல. என் தப்பு."

"எந்தத் தப்புடே? அதெல்லாம் யாரு ஓர்மை வச்சிருக்கா? இப்ப ஓடுதா?"

"ஓடுது சார்."

அவருக்கு ஓர்மையில்லை. எனக்கு இருக்கிறதே! அதனால் அன்று சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினொரு பேர் ஆயிற்று. சிலர் என்னைக் கண்டாலே வராந்தா மாறிப் போகிறார்கள். "இது என்ன புதுப் பித்தலாட்டம்லே?" என்றான் ஒருத்தன். நான் இதுவரை விட்ட கதைகளுக்கு அவன் நம்பாததும் நியாயம்தான். இரண்டாம் தடவை, சிரிக்காமல் சொன்னேன். அவன் நோட்டை வாங்கி நாலாவது வரியைப் படித்துப் பார்த்தான்.

லேபில் இருந்தவர்களில் இன்னும் நாலு பேர் பாக்கி. அந்த நடுவர் டீச்சருக்கு மயிலாடியில் வீடாம். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். அவரும் மறந்திருப்பார். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.